கரிசற் காட்டில் கூலி விளைந்த வரலாறு

நிலம் வளமுற்றிருந்தும் வேலையின்மையால் ஜனங்கள் பிழைப்புத் தேடி வெளியூர் செல்லும் நாடுகள் உண்டு. நிலம் வறண்டிருந்தும் கைத்தொழிலின் சிறப்பினால் வெளியூராரைத் தன்பால் வரவழைக்கும் நாடுகளும் உண்டு. நமது விருதுநகர் ஜில்லா இவ்விரு நிலைகளையும் கண்டதாகும். ஆகவே, வேலை என்பது எவ்வாறு வருகிறது, வந்த வேலை எவ்வாறு நிலைக்கிறது, அதனால் நாடு எவ்வாறு செழிக்கிறது என்பவற்றை ஆராய விரும்புவோர்க்கு இந்த ஜில்லாவைக் காட்டிலும் நல்ல பாடப் புஸ்தகம் அகப்படுவது அரிது.

இவ்வாராய்ச்சிக்கு இப்பொழுது ஒரு காரணமும் உண்டு. மத்திய சர்க்கார் 2021-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், 4,445 கோடி ரூபாய்ச் செலவில் தேசத்தில் ஏழு பெரிய ஜவுளிப் பூங்காக்களை அமைக்கும் பிரதம மந்திரி மித்ரா திட்டத்தை அங்கீகரித்தது. 2023 மார்ச்சு மாதத்தில் அவ்வேழு இடங்களும் அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டுக்குக் கிடைத்த ஒன்று நமது ஜில்லாவைச் சேர்ந்த இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கர் பரப்பில் அமைவதாகும். அதன் கட்டுமானத்திற்கு 1,894 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டுள்ளது. பூங்கா ஒவ்வொன்றும் நேர்முகமாக ஒரு இலட்சம் பேருக்கும், சார்பு வகையில் இரண்டு இலட்சம் பேருக்கும் வேலை தரும் என்பது சர்க்காரின் எதிர்பார்ப்பு.

இன்னும் முழு உருவம் பெறாத இத்திட்டத்தினால் நம் இராஜ்யத்துக்கு விளையக்கூடிய நன்மை யாது? அந்நன்மை தானே வந்து நம் வாயிலில் நிற்குமா, அன்றி நாம் செய்யவேண்டிய காரியமும் உண்டா? இவற்றிற்குச் சென்ற 150 வருஷத்துச் சரித்திரமே தக்க விடை கூறும்.

பஞ்ச காலத்துக் கூலி

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் குண்டாறும் நம் ஜில்லாவில் ஓடுகின்றன என்று சொல்வதைவிட, மழை பெய்யும் நாட்களில் ஓடுகின்றன என்று சொல்வதே பொருந்தும். மழையோ வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். கரிசல் மண் பருத்தியையும் கம்பையும் சோளத்தையும் தரும். ஆனால் ஒரு வருஷம் வானம் பொய்த்தால் உழுபவனுக்கு மாத்திரமன்று, அவனுக்குச் சரக்கு விற்பவனுக்கும் ஜீவனமில்லை. கடனாகக் கொடுத்த உப்பும் புளியும் கணக்குப் புஸ்தகத்தோடு நின்றுவிடும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் இவ்வுண்மை கொடிய வடிவில் வெளிப்பட்டது. அக்காலத்து ஆங்கில சர்க்கார் ஏரி வெட்டுதல், சாலை போடுதல் முதலிய நிவாரண வேலைகளைத் திறந்தது. சென்னைப் பக்கத்திலே பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியும் அப்பஞ்சத்தின்போது வெட்டப்பட்டதே. ஆயினும் 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி சிக்கனத்தைக் கருதி, வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவுமே போதுமென்று குறைத்தார். பகல் முழுவதும் மண் வெட்டுகிறவனுக்கு இது உயிர் நிற்கவும் போதாதென்று மாகாணத்துச் சுகாதாரக் கமிஷனராக இருந்த கார்னிஷ் என்பவர் வன்மையாக எடுத்துரைத்தார். சில மாதங்களுக்குப் பின்னர்க் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர் மாண்டனர்.

இதனால் நாம் அறியவேண்டியது யாது? கூலி உண்டென்று சொல்லுவதால் மாத்திரம் வேலைத் திட்டம் வேலைத் திட்டமாகாது. கூலி வாங்குகிறவன் வயிறு நிரம்பி, மிச்சத்தில் ஒரு முழத் துணியாவது வாங்கக்கூடிய அளவுக்கு அது இருத்தல் வேண்டும். அவ்வாறிருந்தாற்றான் அப்பணம் சந்தைக்கு வரும். சந்தையிலிருந்து மண்டிக்குப் போகும். மண்டியிலிருந்து மீண்டும் விளைவிப்பவனிடம் சேரும். பஞ்சக் கூலியோ வாங்கியவன் வயிற்றையும் நிரப்பவில்லை, கடைத்தெருவையும் எட்டவில்லை.

இப்பாடத்தைப் பிற்காலத்து இந்தியா மறந்துவிடவில்லை. 2005-ஆம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டம், கிராமத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் வருஷத்தில் 100 நாள் வேலையை உரிமையாக்கியது. தமிழ்நாட்டில் அவ்வேலைக்குச் சென்றவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் பெண்களாக இருந்தனர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிராமத்துப் பெண்மக்கள் தங்கள் சொந்தப் பணத்துடன் கடை ஏறியது அதன் பயன். அச்சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் நாட்களை 125 ஆக உயர்த்தியது. செலவில் நூற்றுக்கு 40 பங்கை இராஜ்யங்களின் தலையிலும் வைத்தது. கண்மாய் தூர் வாரும் இத்தகைய வேலை வெயில் காலத்துக்கு நிழல் போன்றது. நிழல் அவசியமே. ஆனால் வருஷம் முழுவதும் பயன் தரும் மரம் கைத்தொழில் ஒன்றேயாகும்.

மகமையும் பிடி அரிசியும்

கைத்தொழில் இந்த ஜில்லாவுக்கு வந்த வழியைக் காண்போம். அது வருவதற்கு முன்னரே இரண்டு காரியங்கள் நடந்துவிட்டன.

முதலாவது போக்குவரத்து. 1876-இல் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது முதல், விருதுபட்டி என்று வழங்கிய நம் விருதுநகர் பருத்திக்கும் வத்தலுக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் பெரிய சந்தையாயிற்று. கரிசலில் விளைந்த பருத்தி வண்டிகளில் வந்து, இங்கே அரைக்கப்பட்டு, பொதியாகக் கட்டப்பட்டுத் துறைமுகம் சென்றது. பஞ்சு போயிற்று, நூலும் துணியும் வேறிடங்களில் உண்டாயின. இது நினைவில் வைக்கத்தக்கது. பின்னர் இதற்கு வருவோம்.

இரண்டாவது பொதுநிதி. நம் முன்னோர் ஊர்தோறும் உறவின்முறை கூடி, விற்கும் சரக்கின்மீது சிறிதளவு மகமை எடுத்து வைத்தனர். ஒரு வியாபாரி தனியே கொடுத்தால் அது தர்மம். எல்லோரும் கணக்குப்படி கொடுத்தமையால் அது மூலதனம் ஆயிற்று. வண்டிகள் தங்கப் பேட்டைகளும், கிணறுகளும், கோயில்களும் அதனால் உண்டாயின. 1889-இல் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியதும் இவ்வாறே. வீட்டுக்கு வீடு உலையில் இடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைத்து அதனைப் பள்ளிக்குக் கொடுத்த நம் தாய்மாரின் புண்ணியம் அக்கல்விச்சாலையில் கலந்துள்ளது. பின்னர்ச் சென்னை இராஜ்யத்து முதன்மந்திரியாகி, ஏழைக் குழந்தைகளுக்குப் பகலுணவளித்துப் பள்ளிக்கு அழைத்த காமராஜர் சிறுவராய்ப் படித்ததும் அங்கேயே.

மகாஜன சங்கம் 1910-இல் கூடியதும், தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கி தொடங்கப் பெற்றதும், அவ்வங்கி 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கியெனப் பெயர் மாறியதும் நம் வாசகர்கள் அறிந்தவையே. இங்கு அவற்றைக் கூறுவது பெருமை பாராட்டுவதற்காகவன்று. தொழில் வந்தபோது எழுத்தறிந்த கையும், கணக்கறிந்த மூளையும், கடன் கொடுக்கும் நிதியும் முன்னரே ஆயத்தமாக இருந்தன என்பதை உணர்த்துவதற்காகவே.

தீக்குச்சியும் தீர்வையும்

1922-ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் வெளிநாட்டுத் தீப்பெட்டிகளின்மீது குரோஸ் ஒன்றுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, ஒன்றரை ரூபாய் இறக்குமதித் தீர்வை விதித்தது. அது சரக்கின் விலையையே மிஞ்சிய தீர்வை. முதல் மகாயுத்தத்திற்குப் பின் வெறுமையாய்க் கிடந்த பொக்கிஷத்தை நிரப்புவதே சர்க்காரின் நோக்கம். நம் தேசத்தில் தொழில் வளர்க்கவேண்டும் என்ற எண்ணம் அப்பொழுது அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அந்தத் தீர்வை ஒரு கதவைத் திறந்துவிட்டது. ஸ்வீடன் தேசத்துப் பெரிய கம்பெனி இந்தியாவிலேயே ஆலை வைக்க முற்பட்டது. சிவகாசியிலிருந்து பி. ஐயநாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, 1923-இல் தங்கள் ஊரிலே தொடங்கினர்.

பெரிய இயந்திரங்களையுடைய அந்நிய கம்பெனிக்கு எதிரே சிறு தொழில் எவ்வாறு நிலைத்தது? காரணங்கள் மூன்று. ஒன்று, இவ்வூர் வறட்சியே இதற்கு வரமாயிற்று. காற்றில் ஈரமின்மையால் குச்சியும் மருந்தும் விரைவில் உலர்ந்தன. இரண்டு, சட்டங்களில் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை ஆதலால், மழையற்ற கிராமங்களில் சும்மா இருந்த கைகளுக்கு அவ்வேலை எட்டியது. மூன்று, சர்க்காரின் கொள்கை. தீர்வை வாரியத்தின் விசாரணைக்குப் பின் 1928-இல் தீப்பெட்டித் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1934-இல் உள்நாட்டுத் தீப்பெட்டிமீதே கலால் வரி வந்தபோதிலும், நாளடைவில் சிறு உற்பத்தியாளருக்குக் குறைந்த வரி என்னும் முறை உண்டாகி அவர்களைக் காத்தது. 1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு இருப்புப்பாதை சிவகாசி வழியே சென்றதும் பேருதவியாயிற்று.

சரித்திரம் சில வேளைகளில் தன்னைத் தானே திரும்பிப் பார்ப்பதுண்டு. நூறு வருஷத்துக்குப் பின், 2023 ஜூன் மாதத்தில், 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள வெளிநாட்டு லைட்டர்களின் இறக்குமதியை மத்திய சர்க்கார் தடுத்தது. தீப்பெட்டித் தொழிலாளரின் ஜீவனத்தைக் காக்க வேண்டுமென்ற கோரிக்கையே அதற்குக் காரணம். சர்க்காரின் ஒரு கையெழுத்து எத்தனை அடுப்புகளில் உலை வைக்க வல்லது என்பதற்கு இவ்விரண்டு சம்பவங்களும் சாட்சி.

தீப்பெட்டி தன்னந்தனியே வளரவில்லை. அதன்மேல் ஒட்டும் சீட்டுக்கு அச்சுக்கூடம் வேண்டியதாயிற்று. அச்சுக்கூடம் வளர்ந்து நாட்காட்டியும் நோட்டுப் புஸ்தகமும் தேசமெங்கும் அனுப்பியது. இரண்டாம் மகாயுத்தத்தில் வெளிநாட்டு வாணம் வருவது நின்றபொழுது, மருந்துக் கலவையில் பழகிய கைகள் பட்டாசிற் புகுந்தன. 1940-இல் வந்த வெடிபொருள் விதிகள் அதற்கு ஒழுங்கு கொடுத்தன. இன்று இந்தியாவின் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு சிவகாசி வட்டாரத்திலிருந்தே செல்வதாகக் கூறுவர். காமராஜர் காலத்தில் கிண்டியிலும் விருதுநகரிலும் தொழிற்பேட்டைகளை அமைத்து, சிறு தொழிலாளருக்குக் கொட்டகையும் மின்சாரமும் சர்க்காரே கொடுத்ததும் இத்தொடரைச் சேர்ந்ததே.

செழிப்பின் விலை

இவ்வளவும் கூறிவிட்டு மற்றொரு பக்கத்தை மறைப்பது நேர்மையன்று. வீட்டுக்கு எட்டிய வேலை வீட்டிலுள்ள குழந்தைகளின் கைக்கும் எட்டிவிட்டது. பள்ளி செல்லவேண்டிய பாலர் குச்சி அடுக்கினர். 1996 டிசம்பரில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. பிடி அரிசி எடுத்துப் பள்ளி நடத்திய ஜில்லாவுக்கு இப்படி ஒரு தீர்ப்பு வந்ததே என்று அன்று தலை குனிந்தவர் பலர். அதற்குப் பின் வெகுவாகத் திருத்தம் ஏற்பட்டது உண்மையே. அத்தீர்ப்பு ஏன் வந்தது என்பதை மறவாதிருப்பதும் அவசியம்.

பட்டாசுத் தொழிலில் உயிராபத்தும் சேர்ந்தே இருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் 30-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்தவை பல. மருந்து செலுத்தும் அறையிலிருந்து மாலையில் தாய் திரும்புவாளா என்று வாயிற்படியில் நோக்கியிருக்கும் பிள்ளைகள் நம் கிராமங்களில் உண்டு. கூலியோடு இப்பயத்தையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் நிலை என்று நீங்கும்?

மேலும், ஜில்லா முழுவதும் ஒரு பண்டிகையையே நம்பி நிற்கிறது. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளையே அனுமதித்து, பேரியம் உப்பையும் சரவெடியையும் விலக்கித் தீர்ப்பளித்தது. காற்று மாசடைந்த நகரத்தாரின் துயரமும் நியாயமானதே. ஆனால் டில்லியில் பிறந்த கேள்விக்கு விடை சிவகாசியின் அடுப்பங்கரையில் எழுதப்பட்டது. அதன்பின் ஆலைகள் பல மாதங்கள் மூடிக்கிடந்தன. கூலியாளர் கடன் வாங்கினர். கடைக்காரர் பாக்கியை எழுதி வைத்தனர். ஒற்றைக் காலில் நிற்கும் ஜில்லாவுக்கு இரண்டாவது காலொன்று வேண்டும் என்பதை அம்மாதங்கள் யாவருக்கும் உணர்த்தின.

பூங்கா தரக்கூடியது

இனி ஜவுளிப் பூங்காவுக்கு வருவோம். பஞ்சு போயிற்று, நூலும் துணியும் வேறிடத்தில் உண்டாயின என்று மேலே குறித்தோம். பின்னர் இராஜபாளையத்தில் 1936 முதல் நூற்பாலைகள் எழுந்தன. அருப்புக்கோட்டையில் தறியும் ஆலையும் உண்டு. சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணி தேசத்து ஆஸ்பத்திரிகளுக்குச் செல்கிறது. நூற்பில் தமிழ்நாடு இந்தியாவிலேயே முதலிடம் வகிக்கிறது. ஆனால் அந்நூலிற் பெரும் பகுதி இங்கே துணியாகாமல் வெளி இராஜ்யங்களுக்கு விற்கப்படுகிறது. சாயமிடுதல், மெருகிடுதல் முதலிய பதப்படுத்தும் வேலைகளே நம்மிடத்துள்ள குறை.

இக்குறையின் பொருளை எளிதாகச் சொல்லலாம். பஞ்சை நூலாக்க இயந்திரமே பெரிதும் உழைக்கிறது. ஆட்கள் சிலர் போதும். துணியை ஆடையாக்க வெட்டுபவர், தைப்பவர், பொத்தான் வைப்பவர், சரிபார்ப்பவர், மடிப்பவர் என்று பலர் வேண்டும். நூலோடு நிறுத்திக்கொள்ளும் நாடு, கூலி அதிகமுள்ள பகுதியைப் பிறருக்கு விட்டுக் கொடுக்கிறது. நூற்பு, நெசவு, சாயம், தையல் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் அமைந்தால் ஏற்றுமதிச் செலவு குறையும். தூத்துக்குடித் துறைமுகமும் அருகிலேயே உள்ளது.

ஒரு கணக்குப் பார்ப்போம். உதாரணத்திற்காக ஆள் ஒன்றுக்கு மாதம் 12,000 ரூபாய் கூலியென்று வைத்துக்கொண்டால், ஒரு இலட்சம் பேருக்கு மாதம் 120 கோடி. வருஷத்துக்கு 1,440 கோடி ரூபாய். பூங்காவின் கட்டுமானச் செலவாகிய 1,894 கோடி ரூபாய் ஏறக்குறைய 16 மாதத்துக் கூலிக்குச் சமம். செலவு ஒரு முறை, கூலியோ மாதந்தோறும். அக்கூலி அரிசியாகவும் பருப்பாகவும் துணியாகவும் பள்ளிச் சம்பளமாகவும் மாறும்பொழுது கடைக்காரருக்கு வியாபாரமும், வண்டிக்காரருக்கு வாடகையும், சர்க்காருக்கு வரியும் உண்டாகும். தென் ஜில்லாக்களிலிருந்து கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் குடிபெயரும் இளைஞர் சொந்த ஊரில் தங்கினால், அந்நகரங்களில் வீட்டு வாடகையாகக் கரையும் பணமும் இங்கேயே மிஞ்சும். இராஜ்யத்தின் ஒரு மூலையில் மாத்திரம் குவிந்த தொழில் பரவலாவது இராஜ்யத்துக்கே பலமாகும். 2018-இல் மத்திய சர்க்கார் முன்னேற்றம் விழையும் ஜில்லாக்கள் என்று தெரிந்தெடுத்தவற்றில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை இராமநாதபுரமும் விருதுநகருமே என்பதை இங்கே நினைவு கூர்தல் தகும்.

கவனிக்க வேண்டியவை

ஆயினும் ஒரு இலட்சம் என்பது எதிர்பார்ப்பே. விதைத்த கோட்டையைக் கண்டு அறுவடையைக் களத்தில் அளந்துவிட முடியாது. நால்வரில் ஒருவருக்கே வேலை கிடைத்தாலும் 25,000 குடும்பங்கள் பிழைக்கும், அதுவும் பெரிதே. எண்ணிக்கையைவிட மூன்று விஷயங்கள் முக்கியமானவை.

முதலாவது, கூலி எங்கே செலவாகிறது என்பது. பூங்காவில் 10,000 பேர் தங்கும் விடுதிகள் திட்டமிடப்பட்டுள்ளன. வெளியூரார் வந்து வேலை செய்வதில் நாம் குறை காண்பதற்கில்லை. பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் சென்று பொருள் ஈட்டி ஊருக்கனுப்பியவர்களின் சந்ததியாரன்றோ நாம்? ஆனால் வேலையாட்களில் பாதிப்பேர் வெளி இராஜ்யத்தாராகி, பாதிக் கூலியை ஊருக்கு அனுப்புவார்களாயின், மேற்சொன்ன 120 கோடியில் மாதம் 30 கோடி வெளியே போய்விடும். பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் காலையில் பஸ்ஸில் சென்று மாலையில் வீடு திரும்பும் வசதி இருந்தால் அப்பணம் இங்கேயே தங்கும். விடுதியில் தங்குவோர் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். சில நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்னும் பெயரால், கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களைச் சில வருஷங்கள் சொற்ப மாதக் கூலியில் அடைத்து வைத்த வழக்கம் இருந்தது. அந்தக் களங்கம் இங்கே ஒட்டலாகாது. மாதக் கூலி மாதந்தோறும் அவரவர் கணக்கில் சேரவேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். சாயத் தொழில் தண்ணீரைக் குடிக்கும். குடித்ததை விஷமாக்கி வெளிவிடும். திருப்பூரில் சாயக் கழிவு நொய்யலாற்றைக் கெடுத்து, விவசாயிகள் நீதிமன்றம் ஏறி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டதை யாவரும் அறிவர். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு நிலையம் இப்பூங்காவின் திட்டத்திலே இருக்கிறது. காகிதத்தில் உள்ளது களத்திலும் நடைபெறுகிறதா என்று பார்ப்பது நம் கடமை. குடிநீருக்குத் தாமிரபரணியை எதிர்நோக்கும் ஜில்லாவில் கிணற்று நீரும் கெடுமாயின், கூலி வாங்கிய கை குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய நேரிடும்.

மூன்றாவது, பயிற்சி. 1923-இல் தீப்பெட்டி நிலைத்ததற்குத் தீர்வை ஒரு காரணம். 1889-இல் பிடி அரிசியால் நடந்த பள்ளி மற்றொரு காரணம். தீர்வை இந்தியா முழுவதற்கும் பொதுவாயிருந்தும் தொழில் எல்லா ஊரிலும் முளைக்கவில்லை. ஆயத்தமாக இருந்த ஊரிலேயே அது வேரூன்றியது. இன்றும் அவ்வாறே. ஆலை திறக்கும் நாளில் தையல் இயந்திரம் ஓட்டவும், சாயத்தின் அளவு பார்க்கவும், இயந்திரம் பழுது நீக்கவும், ஏற்றுமதிக் கணக்கு எழுதவும் தெரிந்தவர்கள் நம் கிராமங்களில் இல்லையாயின், முதலாளி தெரிந்தவர்களை எங்கிருந்தேனும் கொண்டுவருவார். அதற்காக அவரை நோவதிற் பயனில்லை.

சங்கத்தார் கடமை

ஆகவே நம் சங்கத்தாரும் ஊர்தோறுமுள்ள உறவின்முறையாரும் செய்யத்தக்க காரியங்கள் சிலவற்றை இங்கே விண்ணப்பித்துக் கொள்கிறோம். நம் கல்விச்சாலைகளில் ஜவுளிப் பயிற்சிக்கு மாலை வகுப்புக்கள் தொடங்கலாம். பட்டாசு அறைகளில் வேலை செய்யும் தாய்மாருக்கும், பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய பெண்களுக்கும் அதில் முதலிடம் தரலாம். ஜாதி மதம் பாராது எல்லாக் கிராமத்தாருக்கும் அதன் வாயில் திறந்திருக்க வேண்டும். கூலி வாங்குபவன் எக்குலத்தவனாயினும் அவன் சரக்கு வாங்க வருவது கடைத்தெருவுக்கே. மகமை நிதியிலிருந்து குழந்தைகள் காப்பகமொன்று பூங்காவின் அருகில் அமைத்தால், எத்தனையோ தாய்மார் விடுதியை நாடாமல் வேலைக்குச் செல்வார்கள்.

இவற்றினும் எளிதான காரியம் ஒன்றுண்டு. வருஷத்துக்கு ஒரு முறை பூங்காவைச் சுற்றியுள்ள கிராமங்களில் எத்தனை பேர் வேலை பெற்றனர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், மாதக் கூலி எவ்வளவு, கிணற்று நீர் எந்நிலையிலிருக்கிறது என்னும் நான்கு கணக்குகளை எடுத்து இப்பத்திரிகையில் வெளியிடுவோமாக. கணக்கெழுதுதல் நமக்குப் புதிதன்று. சர்க்காரின் எதிர்பார்ப்பும் உண்மை விளைவும் அக்கணக்கில் அருகருகே நிற்கும்பொழுது, புகழவேண்டிய இடத்தில் புகழவும் கேட்கவேண்டிய இடத்தில் கேட்கவும் நமக்கு ஆதாரம் கிடைக்கும்.

1877-இல் இந்நாட்டு ஏழைக்குக் கிடைத்த கூலியை யாரோ ஓர் அதிகாரி நிறுத்து அளந்தார். அளந்தது சரியா என்று கேட்க நம்மிடம் அன்று சங்கமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. இன்று இரண்டும் உண்டு. வருகின்ற வேலையை வரவேற்போம். வந்தபின் அதன் கணக்கைக் கேட்போம்.